சூத்திரம் கடைசியில்: நிகழ்தகவை எறிந்து பார்த்துப் படிப்பிப்பது எப்படி

நிகழ்தகவுப் பாடத்தைக் கரும்பலகையில் ஆரம்பிக்காதீர்கள். ஓ/எல் வகுப்புக்குக் கணிதம் எடுப்பவர்களுக்கும், வீட்டில் பிள்ளையை இருத்தி பாஸ்ட் பேப்பர் செய்விக்கிற அம்மா அப்பாக்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். சாதகமான விளைவுகளை மொத்த விளைவுகளால் வகுக்க வேண்டும் என்று எழுதிப்போட்டு, உதாரணம் இரண்டு செய்து காட்டினால் பிள்ளை வகுத்துவிடும், விடையும் சரியாக வரும், ஆனால் அந்த ஆறில் ஒன்று எதைச் சொல்கிறது என்று அதற்குத் தெரியாது. தாயக்கட்டையை ஆறு தரம் எறிந்தால் ஒரு தரமாவது ஆறு விழுந்தே தீரும் என்று நம்பிக்கொண்டிருக்கும். உண்மையில் ஆறு தரம் எறிகிற ஆட்டங்களில் மூன்றில் ஒரு பங்கில் ஆறு தலைகாட்டாது. இதை வாயால் சொல்லி யாரையும் நம்பவைக்க முடியாது, எறிந்து பார்த்தால்தான் மனசு ஒத்துக்கொள்ளும்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஊகம், பிறகு எறிதல், அப்புறம் எண்ணுதல், எல்லாம் முடிந்த பிறகு சூத்திரம். இதில் பலர் விட்டுவிடுவது ஊகத்தை. ஊகத்தை கொப்பியில் பேனையால் எழுதவைக்க வேண்டும், அழிக்கக் கூடாது. வாயால் சொன்ன ஊகம் விடையைப் பார்த்ததும் "நானும் அதைத்தானே சொன்னேன்" என்று மாறிவிடும். எழுதியது மாறாது. தான் எழுதியதற்கும் விழுந்ததற்கும் இடையில் இருக்கிற இடைவெளியைப் பிள்ளை கண்ணால் பார்க்கிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் பாடம் நடக்கிறது.

முதல் நாளுக்கு எனக்குப் பிடித்தது நாணயம். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிப் பிள்ளைகள் ஆளுக்கொரு நாணயத்தை நூறு தரம் சுண்டி, விழுந்ததை விழுந்த வரிசையிலேயே 'த', 'பூ' என்று எழுத வேண்டும். மற்றப் பாதிக்கு நாணயமே இல்லை, சுண்டியது போல நூறு எழுத்தை மனதால் யோசித்து எழுத வேண்டும், பார்க்கிறவர் ஏமாறுகிற மாதிரி. நீங்கள் வெளியே போய்விடுங்கள், யார் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. தாள்களைக் கலந்து கையில் வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து "இது சுண்டியது, இது சும்மா எழுதியது" என்று இரண்டு கட்டாக வையுங்கள். பெரும்பாலும் சரியாகத்தான் வரும், பிள்ளைகள் திகைத்துப்போவார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், ஒரே முகம் தொடர்ந்து எத்தனை தரம் வந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். உண்மையாகச் சுண்டிய நூறில், ஒரே முகம் தொடர்ந்து ஆறு தரமோ அதற்கு மேலோ ஓர் இடத்திலாவது வருவதற்கான நிகழ்தகவு கிட்டத்தட்ட 0.8. ஐந்து தரம் என்றால் 0.97. மனதால் எழுதுகிற பிள்ளை அப்படி எழுதாது. மூன்று 'த' எழுதியதும் கை தயங்கும், நான்காவதை எழுதினால் சந்தேகம் வரும் என்று நினைத்து 'பூ' போட்டுவிடும். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தத் தயக்கம்கூடத் தெரியும், நான்காவது எழுத்து மற்றவற்றைவிட அழுத்தமாக, சில இடங்களில் வெட்டித் திருத்தி இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "சேர், அஞ்சு தரம் தலை வந்தா அடுத்தது பூ வரத்தானே வேணும்?" பதில் சொல்லாதீர்கள். சுண்டிய தாள்களை எடுத்து, தொடர்ந்து மூன்று தலை வந்த இடங்களை எல்லாம் வட்டம் போடச் சொல்லுங்கள், ஒவ்வொரு வட்டத்துக்கும் அடுத்து என்ன வந்தது என்று எண்ணச் சொல்லுங்கள். இருபது தாள் சேர்ந்தால் இருநூறுக்கு மேல் இடங்கள் கிடைக்கும், பாதிக்குப் பாதி அளவில் நிற்கும். நாணயத்துக்கு ஞாபகம் இல்லை என்பதைப் பிள்ளையே எண்ணி எடுத்துக்கொள்கிறது.

எல்லோருடைய எண்ணிக்கையையும் பலகையில் ஒன்றாகக் கூட்டுவதை விட்டுவிடாதீர்கள். ஒருவர் சுண்டியது 43 தலை, இன்னொருவர் 58, தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் ஐம்பது இல்லை. கூட்டக் கூட்ட விகிதம் 0.5 பக்கம் வரும். இதில் பெரியவர்களே தடுமாறுகிற ஒரு விஷயம் இருக்கிறது. எறிதல் கூடக் கூடத் தலையும் பூவும் எண்ணிக்கையில் சமனாகிவிடும் என்று நினைப்பார்கள், அது பிழை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டென்மார்க்கில் தடுத்துவைக்கப்பட்டிருந்த ஜோன் கெரிச் என்ற கணித ஆசிரியர் நாணயத்தை 10,000 தரம் சுண்டி எழுதிவைத்தார், 5,067 தலை. பாதியிலிருந்து 67 கூட, ஆனால் விகிதம் 0.5067. நூறு சுண்டுதலில் 67 கூட வர வழியே இல்லை. எண்ணிக்கையில் வித்தியாசம் பெரிதாகிக்கொண்டே போகலாம், விகிதத்தில் அது கரைந்துகொண்டே போகும். இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரைபாக வரைந்து வகுப்பில் ஒட்டுங்கள்.

கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளை இருந்தால் "உண்மையில் சரி பாதியா?" என்றும் கேட்கும். அதற்கும் பதில் இருக்கிறது: 2023இல் வெளியான ஓர் ஆய்வில் பல பேர் சேர்ந்து 350,757 தரம் சுண்டிப் பார்த்தபோது, சுண்டும் முன் மேலே இருந்த முகமே திரும்ப மேலே வந்தது 50.8 சதவீதம். வகுப்பில் யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் கணித மாதிரி என்பது உண்மைக்குக் கிட்டத்தில் வைத்துக்கொள்கிற ஒரு எடுகோள் என்று சொல்ல இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அடுத்தது இரண்டு தாயக்கட்டை. நான் இதை பஸ் ரேஸாகச் செய்விப்பேன், கொழும்புப் பிள்ளைகளுக்குக் காலி வீதியைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பெரிய தாளில் பன்னிரண்டு நிரல், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 12 வரை நம்பர், இவைதான் பஸ்கள். கீழே புறக்கோட்டை, அங்கிருந்து மேலே கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை, ரத்மலானை, மொறட்டுவை. இரண்டு கட்டையையும் எறிந்து கூட்ட வேண்டும், கூட்டுத்தொகை எந்த நம்பரோ அந்த பஸ் ஒரு ஹோல்ட் முன்னால் போகும். மொறட்டுவைக்கு முதலில் போகிற பஸ் வெற்றி. ஆறு பேர் ஒரு குழு, ஆளுக்கு இரண்டு பஸ். எந்த பஸ் வேண்டும் என்று அவர்களே எடுக்கட்டும், ஏன் எடுத்தார்கள் என்று ஒரு வரி எழுதட்டும். பிறந்த திகதி, பிடித்த கிரிக்கெட் வீரரின் ஜெர்சி நம்பர் என்று எடுப்பார்கள், யாரோ ஒருவர் 1ஐ எடுப்பார். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். ஆட்டம் பாதிக்கு வரும்போது தன் பஸ் ஏன் இன்னும் புறக்கோட்டை ஸ்டாண்டிலேயே நிற்கிறது என்று அந்தப் பிள்ளையே கண்டுபிடித்துச் சத்தம் போடும். கூட்டுத்தொகை 1 வரவே முடியாது என்பது அதற்கு இனி மறக்காது, நிகழ்தகவு பூச்சியம் என்ற சொல்லை அந்த நிமிடத்தில் கொடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாக் குழுவின் தாளையும் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். சில குழுவில் 7 வென்றிருக்கும், சிலதில் 6, சிலதில் 8, எங்காவது ஒரு குழுவில் 5 அல்லது 9கூட. இதை மறைக்காமல் பேசுங்கள். "7க்குத்தான் கூடச் சந்தர்ப்பம்" என்பதும் "7தான் வெல்லும்" என்பதும் ஒன்றல்ல. எல்லாத் தாளையும் சேர்த்து ஒரே நிரல் வரைபாகப் போட்டால் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிற மலை வரும்.

இப்போதுதான் ஏன் என்று கேட்க வேண்டும். "7 நடுவில இருக்கு" என்பார்கள், அது காரணம் இல்லை. 7ஐ எத்தனை விதமாக உண்டாக்கலாம் என்று எழுதச் சொல்லுங்கள். 1+6, 2+5, 3+4, மூன்று என்று ஒரு பக்கம், 4+3ஐயும் சேர்த்தால் ஆறு என்று இன்னொரு பக்கம், வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாக்குவாதம் நடக்கும். நல்லது, நடக்கட்டும். ஒரு கட்டை சிவப்பு, மற்றது நீலமாக இருந்தால் வாக்குவாதம் தானாகவே முடியும், சிவப்பு 3 நீலம் 4 வேறு, சிவப்பு 4 நீலம் 3 வேறு. அதனால் கட்டை வாங்கும்போதே இரண்டு நிறத்தில் வாங்குங்கள். இதில் பிழைவிடுகிற பிள்ளையைக் குறைவாகப் பேச இடம் கொடுக்க வேண்டாம், பிரான்ஸில் பெரிய கணித மேதையாக இருந்த தலம்பேர் 1754இல் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில் இதே இடத்தில்தான் பிழைவிட்டார். நாணயத்தை இரண்டு தரம் சுண்டினால் ஒரு தலையாவது வர நிகழ்தகவு மூன்றில் இரண்டு என்று எழுதினார். நான்கில் மூன்று என்பதுதான் சரி.

பிறகு நெய்யரி. ஆறுக்கு ஆறு கட்டம், சிவப்பு ஒரு அச்சில், நீலம் மற்றதில், 36 புள்ளி. கூட்டுத்தொகை 7 வருகிற புள்ளிகளை இணைத்தால் மூலைக்கு மூலை ஓடுகிற கோடு, அதில் ஆறு புள்ளி, 36இல் 6. 2க்கும் 12க்கும் ஒவ்வொரு புள்ளி. சோதனைத்தாளில் நெய்யரியைக் கண்டால் பயப்படுகிற பிள்ளைகள், பஸ் ரேஸ் விளையாடிய பிறகு அந்தப் படத்தில் எந்த பஸ் எங்கே என்று தேடுவார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பு வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக இருப்பார்கள், சில வீடுகளில் தாயக்கட்டையைத் தொடுவதில்லை, சில அம்மாமார் "இது சூதாட்டம் பழக்குகிற வேலையா" என்றும் கேட்பார்கள். அந்தக் கவலை நியாயமானது, அதை மதிக்க வேண்டும். ஆறு பக்கப் பென்சிலில் பக்கத்துக்கு ஒன்றாக 1 முதல் 6 வரை எழுதி மேசையில் உருட்டினால் அதே வேலை நடக்கும். ஆறு சீட்டு எழுதிப் பையில் போட்டு எடுத்தாலும் சரி, ஆனால் எடுத்த சீட்டைத் திரும்பப் போட மறக்கக் கூடாது. சூதைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் கணக்கையே பேசவிடுங்கள்: ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கமும் பொருந்த வேண்டிய லொத்தர் சீட்டு என்றால் 26ஐ 10 இலட்சத்தால் பெருக்க 260 இலட்சம் சாத்தியம். நாளுக்கு ஒரு சீட்டு வாங்குகிறவருக்கு அந்தப் பெரிய பரிசு விழ சராசரியாக 71,000 வருடத்துக்கு மேல் ஆகும். பிள்ளைகளே கல்குலேட்டரில் இந்த வகுத்தலைச் செய்யட்டும்.

நாணயமும் கட்டையும் சமச்சீரானவை, அதனால் எறியாமலே விடை சொல்லலாம். எல்லாம் அப்படி இல்லை என்று காட்ட சோழியும் சோடா மூடியும் வேண்டும். சோடா மூடியை எறிந்தால் பல்லுப் பக்கம் மேலே வருமா கீழே வருமா? "இரண்டு விளைவு, அதனால் அரை" என்று பெரும்பாலானோர் எழுதுவார்கள், கட்டாயம் எழுதவிடுங்கள். ஆளுக்கு ஐம்பது எறிந்து கூட்டிப் பார்த்தால் அரை வருகிறதா இல்லையா என்று மூடியே சொல்லும். விளைவு இரண்டு என்றதும் இரண்டுக்கும் சம சந்தர்ப்பம் என்று வைப்பதுதான் நான் கண்ட பிழைகளில் மிகப் பிடிவாதமானது, பரீட்சைத் தாளிலும் அதற்கு மாக்ஸ் போகிறது. வளைந்த மூடிக்கு வேறு விகிதம், புதிய மூடிக்கு வேறு விகிதம் வரும், ஆகவே குழு முழுவதும் ஒரே வகை மூடியைப் பாவிக்க வேண்டும்.

பை விளையாட்டையும் இதோடு சேர்த்துச் செய்யலாம். புறக்கோட்டையில் ஒரே அளவுப் பொத்தான் இரண்டு நிறத்தில் வாங்கி, பத்துப் பொத்தானை ஒரு துணிப்பையில் நீங்களே போடுங்கள், எத்தனை சிவப்பு என்று சொல்லாதீர்கள். ஒன்று எடுத்து, பார்த்து, திரும்பப் போட்டு, குலுக்கி, அடுத்தவர். ஐம்பது எடுத்த பிறகு எத்தனை சிவப்பு என்று ஊகிக்கட்டும். பையைத் திறந்து காட்டச் சொல்லிக் கெஞ்சுவார்கள். திறக்காதீர்கள், அன்றைக்கு மட்டுமில்லை, தவணை முடியும் வரைக்கும். வெளியே உலகத்தில் யாரும் பையைத் திறந்து காட்டுவதில்லை, இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் இன்னும் எடுக்க வேண்டியதுதான். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் ஒரு நாள் ஈர்க்கு எறியுங்கள். வெள்ளைத் தாளில் 6 சென்றிமீற்றர் இடைவெளியில் சமாந்தரக் கோடுகள், ஈர்க்கை 3 சென்றிமீற்றர் துண்டுகளாக வெட்டி முழங்கை உயரத்திலிருந்து போட வேண்டும். மொத்த எறிதலை, கோட்டைத் தொட்டவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் π, அதாவது வட்டக் கணக்கில் வருகிற பை, கிட்டத்தட்ட வரும். வட்டமே இல்லாத இடத்தில் π! 1777இல் பிரசுரமான புஃபோனின் ஊசிக் கணக்கு இது. ஆனால் 3.14 வரும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், இருநூறு எறிதலுக்கு 2.9, 3.4 என்றெல்லாம் வருவது சாதாரணம். எத்தனை எறிவது என்று முதலிலேயே பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள், விடை நன்றாக வந்த இடத்தில் நிறுத்துவது கள்ளம். 1901இல் லஸ்ஸரினி என்பவர் 3,408 எறிதலில் 355/113 கிடைத்ததாகச் சொன்னார், அது ஆறு தசம தானத்துக்குச் சரி. அத்தனை எறிதலில் அவ்வளவு சரியாக வருவது நம்ப முடியாதது என்று பின்னால் கணித்தவர்கள் காட்டினார்கள். சரியான விடையைச் சந்தேகிக்கவும் ஒரு காரணம் இருக்கலாம் என்பதைப் பிள்ளைகள் வேறு எந்தப் பாடத்தில் படிக்கப் போகிறார்கள்?

பிறந்தநாளை இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம். நாற்பது பேர் வகுப்பில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க நிகழ்தகவு 0.89, 23 பேருக்கே 0.5ஐத் தாண்டிவிடும். மாதம் மாதமாகக் கை தூக்கவையுங்கள், போதும். பிஸ்கட் பக்கற்றில் ஆறு வகை ஸ்டிக்கரில் ஒன்று வருகிறது, ஆறையும் சேர்க்க எத்தனை பக்கற் வாங்க வேண்டும் என்பதையும் கட்டை எறிந்து பார்க்கலாம். சராசரி 14.7. ஏழு, எட்டு என்று ஊகித்தவர்கள் கடைசி ஸ்டிக்கருக்காக எறிந்து எறிந்து கை ஓய்ந்துபோவார்கள்.

சரி, கம்ப்யூட்டர் எப்போது? கையால் எறிந்து அலுத்த பிறகு. முதலிலேயே திரையைக் காட்டினால் அது இன்னொரு வீடியோ, எண்கள் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைக்குத் தெரியாது. கைக்கு எட்டாத கேள்வி ஒன்று வரும்போதுதான் மெஷினைத் திறக்க வேண்டும். அதற்கு நான் வைத்திருப்பது பிரெஞ்சுக்காரர் ஷெவலியே தெ மெரேயின் கேள்வி, 1654இல் கணித மேதைகள் பஸ்காலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்ட காலத்தது. ஒரு கட்டையை நான்கு தரம் எறிந்தால் ஆறு ஒரு தரமாவது வருமா என்பது ஒன்று, இரண்டு கட்டையை 24 தரம் எறிந்தால் இரட்டை ஆறு ஒரு தரமாவது வருமா என்பது மற்றது. இரண்டும் ஒன்றுதான் போலத் தோன்றும். முதலாவதின் நிகழ்தகவு 0.518, இரண்டாவது 0.491. ஒன்று பாதிக்கு மேல், மற்றது பாதிக்குக் கீழ்.

இதை வகுப்பில் கையால் செய்தால் முடிவே வராது. நாற்பது பேர் பத்துத் தரம் விளையாடினாலும் 400 ஆட்டம்தான், அதில் சும்மாவே இரண்டு மூன்று சதவீதம் அங்குமிங்கும் ஆடும், 0.518ஐயும் 0.5ஐயும் பிரித்தறிய அது போதாது. இதை முதலில் அவர்கள் அனுபவிக்கட்டும், ஒரு வரிசையில் 0.54, அடுத்த வரிசையில் 0.47 என்று வந்து சண்டை பிடிக்கட்டும். அப்புறம் எக்செல். ராண்ட்பிட்வீன் சார்பில் அடைப்புக்குள் 1, 6 கொடுத்து, நான்கு நிரலுக்கு இழுத்து, கீழே 10,000 வரிசைக்கு இழுங்கள். ஐந்தாவது நிரலில் கவுண்ட்இஃப் போட்டு அந்த வரிசையில் 6 எத்தனை என்று எண்ணி, ஒன்றாவது இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அந்த நிரலின் சராசரிதான் விடை. எஃப்9ஐ அழுத்தினால் பத்தாயிரம் ஆட்டமும் புதிதாக நடக்கும். எஃப்9ஐப் பல தரம் அழுத்தி ஒவ்வொரு விடையையும் பலகையில் எழுதவையுங்கள்: 0.515, 0.521, 0.517 மாதிரி வரும், பாதிக்குக் கீழே இறங்காது. அதன் பிறகு 1 − (5/6)⁴ ஐப் போட்டுக்காட்டினால், சூத்திரம் தங்களுக்குத் தெரிந்த ஒரு எண்ணுக்கு வந்துசேர்வதைப் பார்க்கிறார்கள். கிளை கிளையாகப் பிரிகிற மரவரிப்படத்தில் "ஆறு ஒரு தரமாவது" என்ற கேள்விக்கு ஏன் "ஒரு ஆறும் இல்லை" என்பதைக் கண்டு ஒன்றிலிருந்து கழிக்கிறோம் என்பதும் இங்கேயே விளங்கும். லப்டொப் ஒன்றுதான் இருக்கிறது என்றால் புரொஜெக்டரே தேவையில்லை, ஒரு பிள்ளை எஃப்9ஐ அழுத்தி வாசிக்க மற்றவர்கள் எழுதலாம்.

நடைமுறையில் தடுக்கி விழுகிற இடங்கள் சில. சத்தம்: நாற்பது கட்டை மர மேசையில் விழுந்தால் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்துவிடுவார், கட்டையைச் சாப்பாட்டுப் பெட்டியின் மூடிக்குள் துணி விரித்து எறியச் சொல்லுங்கள். நேரம்: ஒரு பாடவேளை நாற்பது நிமிடம், எறிதலுக்குப் பதினைந்துக்கு மேல் கொடுக்காதீர்கள், கூட்டுவதற்கும் பேசுவதற்கும்தான் நேரம் தேவை. இருவர் இருவராக இருத்துங்கள், ஒருவர் எறிய மற்றவர் நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணட்டும், பாதியில் மாறட்டும். கட்டை கீழே விழுந்தால் அந்த எறிதல் கணக்கா இல்லையா என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள், இல்லாவிட்டால் பிடித்த எண் வந்தால் கணக்கு, பிடிக்காவிட்டால் "சேர், விழுந்திட்டுது, திரும்ப எறியட்டா" என்று ஆகிவிடும்.

சாமான் எல்லாம் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் அடங்கும்: இரண்டு நிறத்தில் கட்டை, பொத்தான், மூடிகள், வெட்டிய ஈர்க்கு, எழுதிய பென்சில்கள். நாணயத்தைப் பிள்ளைகளே கொண்டுவரட்டும், ஆனால் பழைய பதினொரு பக்க 10 ரூபாயைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பாதீர்கள், அது வட்ட நாணயம் மாதிரியே விழுகிறதா என்று ஒரு குழு தனியாகச் சுண்டிப் பார்க்கலாம்.